ஒத்திகை

திங்கள், செவ்வாய் வகுப்பறை.
புதன் முதல் திரை.
அதனால் இன்று
ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை
முதுகு காட்டி உட்கார வைத்தேன்.
முகம் பார்க்காமல் கேட்டுப் பழகணும்.

மைக்கை மூடு என்றால்
வாயைப் பொத்தினார்கள்.
கிஷேந்திரன் மூக்கையும் சேர்த்துப் பொத்திச்
சிவந்துபோய்ச் சிரித்தான்.

"லைன் போச்சுன்னா?"
மறுபடி உள்ளே வா.
"லங்காப் முழுக்க கரண்ட் போச்சுன்னா?"
தாளில் எழுதி வை, திங்கள் கொண்டு வா.

முகிலரசி தூக்கிய கையை இறக்கவில்லை.
"அப்பா செம்பனை லோரி எடுத்துட்டுப் போறப்ப
போனும் கூடப் போயிரும் டீச்சர்.
ஏழு மணிக்குத்தான் வரும்."

பயிற்சிப் பட்டறையில் எனக்குத் தந்த
இருபத்தெட்டுப் பக்கக் கையேட்டில்
ஏழு மணி எங்கேயும் இல்லை.

வெண்பலகையில் புதன் கட்டத்தை அழித்தேன்.
காலை எட்டு
இரவு எட்டானது.
என் மகனுக்குச் சோறு போடும் நேரம் அது.

புதன் இரவு.
பதினேழு கறுப்புக் கட்டங்கள்.
ஒன்றில் மட்டும் தகரத்தில் மழை,
யாரோ குழம்பு தாளிக்கும் சத்தம்,
பிறகு முகிலரசி:
"டீச்சர், நான் முதுகு காட்டித்தான்
உட்கார்ந்திருக்கேன்."