பதினாலாம் நம்பர் வண்டி

சட்பரி. இரவு இரண்டே கால்.
வெளியே மைனஸ் பதினொன்று, விடாத பனி.
பனி தள்ளும் வண்டிகளைக் காட்ட
நகராட்சிக்கு ஒரு திரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மொழியில் ஏவல் வினை செல்லாது.
போ, வரை, நகர்த்து எதுவும் வேண்டாம்.
வியங்கோள்தான்:
அகலம் திரையில் பாதி ஆகுக.
நிறம் வேகத்தைப் பார்த்து மாறுக.
சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டால்
தானே ஆகிறது.

ஆனால் இன்றைக்கு எத்தனை வண்டி கிளம்பும் என்று
மாலையிலேயே எழுதி வைக்க முடியுமா?
அதைப் பனி அல்லவா முடிவு செய்கிறது.
ஆகவே ஒரே ஓர் அச்சு.
எங்கோ ஒரு சாவி திரும்பினால்
அதிலிருந்து ஒரு மஞ்சள் கட்டம் பிறக்கும்,
கொட்டகைக்குள் வண்டி நுழைந்ததும் அழியும்.

பதின்மூன்று கட்டங்கள் ஊர்கின்றன.
தொலைபேசி.
"ரெஜான் பேசறேன், பதினாலு.
ரீஜண்ட் தெருவில ஒரு மணி நேரமா ஓட்டறேன்.
உங்க படத்துல நான் இல்லையாமே?"

தேடினேன். இருக்கிறார்,
நினைவகத்தில், முழுசாக.
வேகம் முப்பது. கலப்பை இறங்கியிருக்கிறது. உப்பு பாதி.
அது வாடகை வண்டி, வேறொரு வரியில் பிறந்தது.
பெற்றோர் என்று கேட்ட இடத்தில்
அந்த வரியில் நான் ஒன்றுமே எழுதவில்லை.

ஒரு சொல் சேர்த்தேன்: வரைபடம்.
எதுவுமே நடக்காத மாதிரி
கட்டம் வந்து தெருவில் உட்கார்ந்தது.

"இப்பத் தெரியுதா?"
"தெரியறீங்க."
"நல்லது," என்றார்.
"எனக்குத்தான் இங்க ஒண்ணும் தெரியல.
ஒரே வெள்ளை."