ஆறு இருபது வரை

இரவெல்லாம் அடுப்பின் வாய்க்குள் பாதி உடம்பை விட்டு
சூளைச் சுவரில் மாவை அறைந்துவிட்டு வருகிறேன்.
புருவத்தில் ஒன்று பொசுங்கிவிட்டது. மற்றதில் மாவு.
குத்தாயிசி நகரம் இன்னும் விழிக்கவில்லை.
ரியோனி ஆறு மட்டும் வெள்ளைக் கற்களிடம்
ஏதோ பழைய பாக்கி கேட்டுக்கொண்டிருக்கிறது.

மணி ஆறு.
ஆறு இருபதுக்கு நீ பன்னிரண்டாம் எண் வண்டியை எடுக்கவேண்டும்.
பத்தொன்பது வருடமாக நம் குடித்தனம்
இந்த இருபது நிமிடத்தில்தான் நடக்கிறது.
ஞாயிற்றுக்கிழமையைச் சேர்க்கவில்லை.
ஞாயிறு இருவரும் தூங்கிவிடுகிறோம்.

இன்று உனக்கு ஐம்பத்திரண்டு, சியாலா.
கேக் வாங்கத்தான் நினைத்தேன்.
கடை திறப்பது ஒன்பதுக்கு.
அந்நேரம் நீ சந்தை முக்கில்
கோழிக்கூடையோடு ஏறும் யாரோ ஒருத்தியிடம்
இரண்டு டிக்கெட் கேட்டுச் சண்டையில் இருப்பாய்.
அதனால் கடைசி ஈட்டில் உனக்கென்று தனியாக ஒன்று:
படகுபோல் நீண்ட ஷோத்தி ரொட்டி,
இரண்டு முனையும் உனக்குப் பிடித்த அளவு கருகல்.
கோட்டுக்குள் மார்போடு அணைத்துப் பாலம் கடந்தேன்.
இரவுக் காவல் முடித்து வந்த ஜாஸா
"குழந்தையா?" என்றான்.
"ஐம்பத்திரண்டு வயசு" என்றேன்.

கதவைத் திறந்தால் கரண்ட் இல்லை.
பிப்ரவரியில் இதெல்லாம் ஒரு சேதியா.
நீ ஒரு காலில் பூட்ஸ் போட்டு நின்றபடி
மறுகால் பூட்ஸைத் திட்டிக்கொண்டிருந்தாய்.
ரொட்டியின் நடுவில் மெழுகுவத்தியைக் குத்தி ஏற்றினேன்.
ஒன்றே ஒன்றுதான்.
மற்றதையெல்லாம் ஜனவரி தின்றுவிட்டது.

பாட வாயெடுத்தேன்.
"பாடாதே. மேல்வீட்டு மெதேயா எழுந்துவிடுவாள்.
எழுந்தால் வருவாள், வந்தால் உட்காருவாள்,
உட்கார்ந்தால் ஆறு இருபது போச்சு."
சரி என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.
நீயும் சத்தம் வராமல் கை தட்டினாய்.

பிறகு ஊதினாய்.
ஊதியபின்தான் உறைத்தது,
வீட்டிலிருந்த ஒரே வெளிச்சத்தை
நாமே அணைத்துவிட்டோம்.
தீப்பெட்டி?
மேசைமேல்.
மேசை?

கும்மிருட்டில் இருவரும் மண்டியிட்டு
ஒற்றைப் பூட்ஸைத் துழாவினோம்.
என் கைக்கு உன் முழங்கை கிடைத்தது.
உன் கைக்கு என் காது கிடைத்தது.
"இது இல்லை" என்று திருப்பி வைத்தாய்.
சிரிப்பை அடக்கப் போய் உனக்கு விக்கல் வந்தது.
என்ன வேண்டிக்கொண்டு ஊதினாய் என்று கேட்டேன்.
"பூ", விக்கல், "ட்ஸ்."

கிடைத்தது. பூனை அதன்மேல் படுத்திருந்தது.

முறைப்படி என்றால் மதுக்கொம்பு உயர்த்தவேண்டும்,
மண்ணுக்கு, மாண்டவர்க்கு, வரப்போகும் பிள்ளைகளுக்கு என்று
ஒருவன் எழுந்து வாழ்த்திக்கொண்டே இருக்கவேண்டும்,
மேசையில் பாதிப் பேர் சாயும்வரை.
நமக்கு நான்கு நிமிடம் இருந்தது, ஆறிய தேநீரும்.
"உன் பிரேக்குக்கு" என்றேன்.
யோசித்து, "உன் மிச்சப் புருவத்துக்கு" என்றாய்.
ரொட்டியின் ஒரு முனை உனக்கு.
மறுமுனையை எனக்கென்று நீட்டிவிட்டு
அதையும் நீயே கடித்துக்கொண்டு கிளம்பினாய்.

ஜன்னலில் நின்றேன்.
வண்டிக் கதவைத் திறந்தாய், உள்விளக்கு எரிந்தது.
உன் கறுப்புக் கோட்டின் முதுகில்
என் ஐந்து விரலும் மாவில் பதிந்திருந்தன.
எப்போது அணைத்தேன்? பூட்ஸ் தேடும்போதா?
கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.
மாலைக்குள் எப்படியும் பாதி இருக்கையில் ஒட்டிக்கொள்ளும்.
டீசல் போட இறங்கும்போது நாலு பேர் பார்ப்பார்கள்.
பார்க்கட்டும்.

மேலே மெதேயா ஜன்னலைத் திறக்கும் சத்தம்.
போர்வைக்குள் நுழைந்தேன்,
நீ விட்டுப்போன சூட்டின் பக்கம்.
கரண்ட் வந்து
எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன.
எழுந்து அணைக்க மனசில்லை.