வியாழக்கிழமை என் முறை

சபையின் அறிவிப்புப் பலகையில்
ப்ளாஞ்ச் ஒரு தாளைக் குத்திவைத்திருந்தாள்.
செவ்வாய்க்கு ஹெட்லி.
சனிக்குப் போதகரின் மனைவி.
வியாழனுக்கு எதிரே வெள்ளை.
பேனா ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.
காப்பிக் குவளையோடு பின்னால் நின்றவர்கள்
பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
அன்பினால் எழுதவில்லை என் பெயரை.
வெட்கத்தில் எழுதினேன்.

எல்ட்ரெட் ஸ்னூக்குக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது.
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
ஆஸ்பத்திரி நூற்றுப் பத்து கிலோமீட்டர்.
நியூஃபவுண்ட்லாந்தில், ஜனவரியில்,
கிலோமீட்டருக்கு வேறு கணக்கு.

கோயில் கூரைநிதிப் பெட்டி காணாமற்போன வருஷம்
என் மகன் பெயரை முதலில் சொன்னவர் எல்ட்ரெட்.
பெட்டி பிறகு கிடைத்தது.
ஆர்கனுக்குப் பின்னால்
யாரோ பத்திரமாக வைத்து மறந்திருந்தார்கள்.
மகன் கிடைக்கவில்லை.
ஆல்பெர்ட்டாவின் எண்ணெய் வயலிலிருந்து
கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவான்.
பனி எவ்வளவு என்று கேட்பான்,
படகு விற்றாயிற்றா என்று கேட்பான்,
கோயிலைப் பற்றிக் கேட்கமாட்டான்.

பன்னிரண்டு வருஷமாக
ஆராதனையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம்
நான் குனிந்து பாட்டுப்புத்தகம் தேடுவேன்.
அவர் அந்த நேரம் பார்த்துத் தும்முவார்.
இருவருக்கும் இதில் நல்ல பழக்கம்.

முதல் வியாழன். காலை ஐந்தரை. கும்மிருட்டு.
ஒரு காலத்தில் காட் மீன்படகில் அகட்டி நின்ற கால்கள்
என் சின்ன வண்டிக்குள் மடிய மறுத்தன.
நெம்புகோலைத் துழாவி
இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளினார்.
சூட்டைக் கூட்டு என்றார்.
மெல்லப் போ என்றார்.
உன் புருஷன் இதைவிட நன்றாக ஓட்டுவான் என்றார்.
புருஷன் செத்து நான்கு வருஷம்.
நான் சாலையோரத்து மூஸ் மான்களை எண்ணினேன்.
ஏழு.

அடுத்த வாரம் மூன்று மூஸ், ஒரு நரி.

அதற்கடுத்த வாரம், திரும்பி வரும்போது
அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.
கைக்கு அகப்பட்டது என் ரொட்டி டப்பா.
ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் அது.
இரவில் டப்பாவைத் தேய்த்துக்கொண்டே
அவரையும் ஆண்டவரையும்
ஒரே மூச்சில் திட்டினேன்.
மறுவாரமும் அதில்தான் ரொட்டி கொண்டுபோனேன்.
அவருக்கும் சேர்த்து இரண்டு துண்டு.
வேறு டப்பா இல்லை, அவ்வளவுதான்.

வழியில் ஜெபிக்கிறாயா என்று கேட்டாள் ப்ளாஞ்ச்.
ஜெபிக்கிறேனே,
வைப்பர் தண்ணீர் தீர்ந்துவிடக்கூடாது என்று.

பிப்ரவரியில் ஒரு நாள்
ஆஸ்பத்திரி வாசல் கண்ணாடியாக உறைந்துகிடந்தது.
உப்புத் தூவுகிறவன் இன்னும் வரவில்லை.
வண்டியைப் பிடித்தபடி அவர் நின்றார்.
நான் எதிரே நின்றேன்.
கையுறை வழுக்கியது. கழற்றினேன்.
அவரும் கழற்றினார்.
தூண்டில் நூல் அறுத்த தழும்பு
விரலுக்கு விரல் தட்டுப்பட்டது.
பதினைந்து அடி இருக்கும்.
பன்னிரண்டு வருஷம் கைமாறாத சமாதானத்தை,
போதகர் இல்லாமல், பாட்டு இல்லாமல்,
விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில்
இறுகப் பிடித்துக்கொண்டு
கிழட்டு வாத்துகள் போல நடந்தோம்.
கதவு தானாகத் திறந்தது.
விட்டுவிட்டோம்.

மன்னிப்புக் கேட்டாரா என்று ஊரில் விசாரிக்கிறார்கள்.
இல்லை.
கேட்பார் என்றும் எனக்குத் தோன்றவில்லை.
ஒருமுறை மட்டும், பெட்ரோல் போட நின்றபோது,
பையன் எந்த ஊரில் என்றார்.
சொன்னேன்.
அங்கே குளிர் எலும்பைத் தின்னும் என்றார்.
பிறகு நாற்பது கிலோமீட்டர்
வைப்பர் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

நேற்று என் தங்கை முன்னிருக்கையில் ஏறினாள்.
கால் எங்கும் எட்டவில்லை.
யாருக்கடி இவ்வளவு நீளக் கால் என்று சிரித்து
நெம்புகோலைத் தேடிக் குனிந்தாள்.

அதைத் தொடாதே என்றேன்.
நாளைக்கு வியாழன்.