வலது கை, பதினோராவது மாடி

உறைந்த தோள் என்றார் டாக்டர்.
மலாயில் பாஹு பெக்கு.
ஐஸ் கச்சாங் தவிர எதுவும் உறையாத பினாங்கில்
என் தோளுக்கு மட்டும் எங்கிருந்து வந்ததாம் குளிர்?
இனிப்புநீர் இருக்கிறதல்லவா, வரும் என்றார்.
போகவும் செய்யுமாம்.
ஒரு வருடம், இரண்டு வருடம்,
பஸ் வரும் நேரம் சொல்வதுபோல.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியில்
எல்லாக் கைகளும் தலைக்குமேல் கூடின.
என் இடது கை போய்
துணையில்லாமல் நின்றது.
வலது, மார்பைத் தாண்டவில்லை.
முருகனுக்குப் பாதிக் கும்பிடு,
மீதி கடன்.

பிசியோ அறையில் ரோஹைசா:
வலி பத்துக்கு எத்தனை?
பகலில் நாலு.
ராத்திரி இரண்டு மணிக்கு
தெரியாமல் அந்தப் பக்கம் புரண்டுவிட்டால்
பத்துக்குமேல் எண் வைத்திருக்கிறாயா, பெண்ணே?
சிரித்தாள். கையை விடவில்லை.
சத்து, டுவா, தீகா...
எண்ணியது மலாயில்.
அம்மாடி என்று நான் அலறியது
தமிழில்.

வீட்டில், மேசையைப் பிடித்துக் குனிந்து
சார்டின் டின்னோடு கையைத் தொங்கவிட்டு
கோயில் மணியின் நாக்குபோல் ஆட்டுகிறேன்.
பிறகு சுவர்.
ஆள்காட்டி, நடுவிரல், ஆள்காட்டி, நடுவிரல்,
எட்டிய இடத்தில் பென்சில் கோடு,
இடது கையின் கோணல் எழுத்தில் தேதி.
மார்ச் ஒன்பதும் ஏப்ரல் இரண்டும்
ஒரே கோடு.
டியூப்லைட் பக்கத்தில் பல்லி.
அதற்கு யாரும் எண்ணிச் சொல்லவில்லை.

பஞ்சாபி சூட்டின் முதுகு ஜிப்தான் பெரிய வழக்கு.
தனியாக இருப்பவளுக்கு
முதுகு வேறொரு ஊர்.
காலை ஆறே முக்காலுக்கு
எதிர்வீட்டுக் கம்பிக்கதவில் திரும்பி நிற்பேன்.
கம்பி இடுக்கில் சியூ லானின் கை வரும்,
பூண்டு வாசத்தோடு, ஈரமாக.
ஜிர்ரென்று ஓர் இழுப்பு.
சுடா, என்பாள்.
முடிந்தது என்று அர்த்தம்.
தமிழிலும் சரிதான், சுடாத விரல்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை
கோடு, காலண்டர் ஆணியைத் தாண்டியது.
ஜிப்பும் கொஞ்சம் கெஞ்சவைத்து
என் கைக்கே ஏறிவிட்டது.
யாரிடம் சொல்ல?
ஆறே முக்காலுக்குப் போய்
வழக்கம்போல் முதுகைக் காட்டினேன்.

கை வந்தது. தடவியது. நின்றது.
லிப்ட் பதினொன்றில் திறந்து
யாரும் ஏறாமல் மூடிக்கொண்டது.
சியூ லான் ஒன்றும் கேட்கவில்லை.
ஜிப்பை ஒரு சாண் இறக்கி
மறுபடி ஏற்றினாள்.

சுடா.