விட்ட தையல்

கொருக்குப்பேட்டை, கேட்டுக்கு இந்தப் பக்கம்,
மூன்றாவது மாடி.
நாற்பது மிஷின் ஓடும் சத்தத்தில்
எதில் தையல் விடுகிறது என்று
திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.
பதினோரு வருஷத்துக் காது.

அப்படித்தான் ஒரு புரட்டாசி ராத்திரி
பாயில் இடப்பக்கம் ஒருக்களித்தபோது
எனக்குள்ளேயே ஒன்று விட்டது.
டக், டக், டக்.
அப்புறம் ஒன்றுமில்லை.
அப்புறம் பெரிதாய் ஒரு டக்,
யாரோ உள்ளேயிருந்து கதவை உதைத்த மாதிரி.

எழுந்து உட்கார்ந்தேன்.
பக்கத்தில் பையன், வாயைத் திறந்தபடி.
அவன் ஃபீஸில் இன்னும் இரண்டு தவணை பாக்கி.
அதைத்தான் முதலில் நினைத்தேன்.
மாதாவை அப்புறம்தான்.

தீபாவளி ஆர்டர். ஒரு நாளைக்கு ஏழு டீ.
பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்கிய தூக்கம்.
மிஷின் மெக்கானிக் இல்யாஸ் பாயிடம் சொன்னேன்.
"ஊசியை மாத்து ஜெபசீலி, சரியாப்பூடும்."
சிரித்தோம்.
அன்றைக்கும் விட்டது. மறுநாளும்.

ஸ்டான்லியில் சீட்டு வாங்கி, வரிசையில் நகர்ந்து,
மார்பில் ரப்பர் குமிழ்களை ஒட்டிக்கொண்டு
சுற்றாத ஃபேனைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
சின்ன வயசு டாக்டர்,
கண்ணுக்குக் கீழே என்னைவிடக் கருப்பு.
கட்டம் போட்ட தாளில் விரலை ஓட்டினார்:
"இங்க ஒண்ணு அவசரப்பட்டு முன்னாடியே வந்துடுச்சு.
அதான் ஒரு இடைவெளி, அதுக்கடுத்தது பலமா.
விடலைம்மா. முந்திக்குது.
நிறைய பேருக்கு வரும், போகும்.
ரத்தம் கம்மி. தைராய்டும் பார்க்கணும்.
டீயைக் குறைங்க, தூங்குங்க."

வாசல்வரை போனவளைத் திரும்பக் கூப்பிட்டார்.
"படபடப்போட மூச்சு வாங்கினா,
நெஞ்சை அழுத்தினா, கண்ணு இருட்டினா, மயக்கம் போட்டா,
இல்ல, ஓடுறது நிக்கவே நிக்கலைன்னா,
காலையில பாத்துக்கலாம்னு படுக்காதீங்க."
இதைச் சொல்லும்போது மட்டும்
பேனாவை மூடி வைத்திருந்தார்.

கார்த்திகை மழையில் ஒரு சாயங்காலம்
ஏழாம் நம்பர் மிஷினுக்கு அடியில் குனிந்த இல்யாஸ் பாய்
நிமிரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.
"வாயுதான். ஒரு சோடா வாங்கியா."
ஜன்னலில் குளிர் காற்று.
அவர் சட்டையோ முதுகோடு ஒட்டியிருந்தது.
கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக் கீழே போட்டு
மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தேன்.
நிறுத்துங்கடி, என்று கத்தினேன்.
நாற்பதும் நின்றன.

என்னுடையது விட்டால் விட்ட இடம் தெரியும்,
அடுத்தது விழும்வரை காத்திருக்கலாம்.
இது அப்படியில்லை.
இரண்டு சேர்ந்து வந்தன, ஒன்று தொலைந்தது,
நாலைந்து ஒன்றன்மேல் ஒன்றாய் ஓடின,
ஒன்று வந்ததா வரவில்லையா தெரியவில்லை.
மிஷின் இப்படி ஓடினால்
துணி மிஞ்சாது.

நூற்றியெட்டுக்குப் போன் போட்டோம்.
வந்துவிட்டார்கள், ஆனால் கேட் மூடியிருந்தது.
அந்தப் பக்கம் சைரன்,
இந்தப் பக்கம் படியில் இறக்கிய பாய்,
நடுவில் துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ்.
தடக் தடக், தடக் தடக்,
அந்தப் பாழாய்ப்போன வண்டி
ஒன்றைக்கூட விடாமல் ஒழுங்காய்ப் போனது.
நான் விரலை எடுக்கவில்லை.
எடுத்தால் நின்றுவிடும் என்று ஒரு பைத்தியக்கார பயம்.

"நீ அன்னிக்குச் சொன்னப்பவே
எனக்கும் இருந்துச்சு," என்றார் பாய்,
ரயிலைப் பார்த்துக்கொண்டே.
"ரெண்டு மாசமா."

மேல் அறை துடிக்காமல் நடுங்கியிருக்கிறது என்றார்கள்.
ரத்தம் அங்கேயே தேங்கும், கட்டும்,
கட்டி மூளைக்கு ஏறினால் பக்கவாதம்.
நேரத்தோடு வந்தீர்கள் என்றார்கள்.
மழைக்கும் ரயிலுக்கும் அப்பால் அது என்ன நேரமோ.

இப்போது ரத்தம் உறையாத மாத்திரை அவருக்கு.
ஊசி கீறினால் ஒரு மணி நேரம் துணி சுற்றுகிறார்.
யாராவது படபடங்குது என்று சொன்னால்
சிரிப்பதில்லை. கையை நீட்டு என்கிறார்.

எனக்கு இன்னும் விடுகிறது.
இல்லை, முந்திக்கொள்கிறது.
மூன்று டீதான் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.
நாலு.