சரியாக, மழையைப் போல

செவ்வாய்தோறும் காலை பத்தேகாலுக்கு
எனோக் டைசனின் காலில் கட்டு மாற்றுகிறேன்.
எப்படி இருக்கிறீர்கள் என்றால்
தலை நிமிராமல் சொல்வார்:
மழை மாதிரி, சரியாக.

நானும் அதையே குறிப்பேட்டில் எழுதிவிடுவேன்.
கம்ப்ரியாவில் பிறந்தவளுக்கு
அதில் விளங்காதது என்ன?
நலம் என்று அர்த்தம்.
மேலே கேட்காதே என்றும்.

போலந்திலிருந்து வந்த புது டாக்டர் பொகுமிலா
குறிப்பைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.
"மழை என்கிறாரே. அப்படியானால் மோசமா?"
சிரித்தேன். பிறகு காரில்,
வைப்பர் இல்லை இல்லை என்று தலையாட்ட,
சிரிப்பு நின்றுபோனது.

எந்த மழை?
டிசம்பரில் பாலத்தைத் தூக்கிப்போனதே, அதுவா?
பதினோரு ஹெர்ட்விக் ஆடுகளைக்
கல்சுவரோடு சேர்த்து நசுக்கியதே?
அவர் மனைவி வினிஃப்ரெட்டின் பியானோவுக்குள்
சேற்றை வைத்துவிட்டுப் போனதே?
அந்தப் பியானோ இன்னும் கூடத்தில்தான் நிற்கிறது.
மேலே மாத்திரை டப்பாக்கள். ஒரு வாழைப்பழம்.
வினிஃப்ரெட் இல்லை.

அடுத்த செவ்வாய் கேட்டேவிட்டேன்:
மழையில் அப்படி என்ன சரி, எனோக்?

ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்து
நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தார்.
ஐந்து நிமிடம் இருக்கும்;
நான் துணியைச் சுற்றி முடித்தே விட்டேன்.
"அந்தச் சொல்லுக்கு முன்னொரு காலத்தில்
நேர் என்று பொருளாம். வினி சொல்வாள்.
குறுக்கெழுத்துப் பைத்தியம், அவளுக்குத் தெரியும்.
நேராக, மழை இறங்குவதைப் போல."

இருவரும் ஜன்னலைப் பார்த்தோம்.
இந்தப் பள்ளத்தாக்கில் மழை சரியாகப் பெய்து
நான் கண்டதில்லை.
சரிந்துதான் பெய்கிறது,
காற்று தள்ளிய பக்கமெல்லாம் சாய்ந்து,
சில நாள் கீழிருந்து மேலே.

"அப்படியானால்?" என்றேன்.
"அப்படியானால் அதுதான்" என்றார் எனோக்,
காலுறையை மெல்ல மேலே இழுத்தபடி.

குறிப்பேட்டில் என்ன எழுத?
புண்ணின் ஓரம் சிவப்பு, இரண்டு சென்டிமீட்டர்.
வலி: இல்லை என்கிறார்.
பேனாவை மூடினேன். திறந்தேன். மூடினேன்.

வாசலில் கோட்டுப் பொத்தானைப் போடும்போது
போன் அடித்தது. பொகுமிலா.
எப்படி இருக்கிறார்? நீ? நீ எப்படி?

மழை மாதிரி, என்றேன்.
பிறகு, அவள் மறுமுனையில் மௌனமாக இருந்ததால்:
இன்றைய மழை மாதிரி.