காலர் மைக்

கிண்டி ஓட்டல், இரண்டாம் தளம்.
காலை ஐந்தரைக்கே கேபிள் விரித்துவிட்டோம்
நானும் டில்லிபாபுவும்.
லைனில் ஒரு ரீங்காரம்;
ஏசியின் பிளக் பாயிண்டிலிருந்து விலகினோம், அடங்கியது.

எம்.டி.யின் சட்டைக்குள் வயரை விட்டபோது
அவர் மார்பு சுட்டது.
"ரொம்ப நேரம் ஆகுமா தம்பி?"
ஆகாது சார்.

மைக்கை அணைக்காமலே
பாத்ரூமுக்குப் போனார்.
ஹாலுக்குக் கேட்காமல் ஃபேடரை இறக்கினேன்.
ஹெட்போனைக் கழற்றவில்லை.
கழற்றியிருக்கலாம்.

குழாய்த் தண்ணீர்.
"நானூறு பேர்."
ஒரு செருமல்.
"நானூற்றுப் பன்னிரண்டு பேர்."
பிறகு தண்ணீர் மட்டும், வெகுநேரம்.

மேடையில் ஓரிடத்திலும் தடுமாறவில்லை.
நல்ல குரல். கொஞ்சம் பேஸ் குறைத்தேன்,
கணீரென்று விழுந்தது
கடைசி வரிசைவரை.
யாரோ பழக்கத்தில் கைதட்டத் தொடங்கி
நிறுத்திக்கொண்டார்கள்.

மைக்கைத் திருப்பித் தரும்போது சொன்னார்:
"சவுண்ட் நல்லா இருந்தது."

பேட்டரியைக் கழற்றினேன்,
இன்னும் சூடு.
டில்லிபாபு கேபிளை எட்டுப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தான்.
ஆறு மணிக்கு வடபழனியில் ரிசப்ஷன்;
நாதஸ்வரத்துக்குத் தனி ஸ்டாண்டு வேண்டும்.